பதினான்காம் அட்டை

இரண்டாவது சொட்டு முதல் சொட்டைவிட அதிகம் எரிந்தது. இமையைக் கீழே இழுத்துப் பிடித்து ஊற்றிய நர்ஸ் பெண், "மூடிக்குங்க ஐயா, நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது, கண் பாப்பா நல்லா விரியணும், இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். முக்கால் மணி நேரம். சோலைமலை சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த முக்கால் மணி நேரத்தைச் சந்தையில் நிற்கிற மாட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பத்தேகாலில் இருந்து பதினொன்று. பதினொன்றுக்கு உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். வலது கண்ணில் புரையை எடுத்து, கட்டுப் போட்டு, அசையாதே என்று படுக்க வைத்தால் சாயங்காலம்தான் விடுவார்கள். திருநெல்வேலியில் ஜெசிந்தாவுக்கு ரெண்டு மணிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. ஆக, சொல்வதாக இருந்தால் இந்த முக்கால் மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் சொல்லவில்லை, அவ்வளவுதான், யாரும் வந்து கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை. எழுபத்து நாலு வயதில் கண் ஆபரேஷனுக்கு உட்கார்ந்திருக்கிற மனுஷனை யார் என்ன கேட்க முடியும். போன் அங்கம்மாளின் பையில் இருக்கிறது. அங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரி பைலால் அவருக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள், நாற்பத்தேழு வருஷப் பெண்டாட்டி, விசிறலில்கூட ஒரு கணக்கு உண்டு, அவருக்கு நாலு, தனக்கு ஒன்று. கண் தெரிந்திருந்தால் போனை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் அவரே பேசியிருக்கலாம். இப்போது பெயரைத் தேடுவதற்கே அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டால் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேச வேண்டும். ஊரே கேட்டாலும் பரவாயில்லை, இது மட்டும் அவள் காதில் விழ வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. நீல மையில், குண்டு குண்டான எழுத்து. ஜெசிந்தா தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியை, கல்லிதேமஸைப் பற்றி ஆறு வருஷமாக ஆய்வு செய்கிறவள். கல்லிதேமஸ் என்ற பெயர் தமிழ்நாட்டில் நூறு பேருக்குத் தெரியும் என்றால் அந்த நூறு பேருக்கும் சோலைமலையின் புத்தகத்தால்தான் தெரியும். ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிரேக்கத் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த தத்துவக்காரன். எழுதினது எல்லாம் அழிந்துபோய், அவனுக்கு எத்தனையோ நூற்றாண்டு பின்னால் வந்த உரைகாரர்கள், 'கல்லிதேமஸ் இப்படிச் சொல்கிறான்' என்று போகிற போக்கில் எடுத்துக்காட்டிய ஒற்றை வரிகள்தான் மிச்சம். அந்த வரிகளைத்தான் சோலைமலை இருபது வருஷத்துக்கு மேல் பொறுக்கினார். இருபத்து மூன்று சேர்ந்தது. ஒவ்வொன்றையும் தமிழில் போட்டு, கீழே எந்த உரைகாரர், எந்தப் பகுதி, எத்தனையாவது பத்தி என்று இடம் குறித்தார். இடம் குறிப்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாம். இடம் இல்லாத வரி அங்க அடையாளம் இல்லாத மாடு, யாரும் ஓட்டிக்கொண்டு போகலாம். ஜெசிந்தா எழுதியிருந்தாள்: ஐயா, பதினான்காம் வாக்கியத்துக்கு நீங்கள் குறித்த இடத்தில் தேடினேன், என் பிரதியில் அது இல்லை, உங்கள் பிரதி வேறு பதிப்போ, அருள்கூர்ந்து தெரிவிக்கவும், என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. 'திறந்திருக்கும் கதவு உள்ளே இருப்பவருக்கும் வழி.' அதுதான் பதினான்காம் வாக்கியம். கதவு என்றால் கண், உள்ளே இருப்பவர் உயிர், வெளியில் இருப்பது கண்ணுக்குள் வருவதுபோல உயிரும் கண் வழியே வெளியே போய்ப் பொருளைத் தொடுகிறது என்று நாற்பது பக்கம் எழுதி, கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்கிறாள் அந்தப் பெண். நல்ல எழுத்து. அவர் வாசித்தபோது, இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது, ஒரு நொடி. பிறகு கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்தார். அகராதியை அலமாரிக்குள் வைத்தார். பதில் போடவில்லை.

"சார் என்ன வேலையில இருந்தீங்க?" இடது பக்கத்தில் ஒரு குரல். இவரைப் போலவே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற ஆளாகத்தான் இருக்க வேண்டும், மூடின கண்ணோடு பேசுகிறவர்களின் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வருகிறது. முதல் சொட்டின்போதே பெயர் பவுன்ராசு, லாரி புக்கிங் ஆபீஸ், ரெண்டு பெண்கள் என்று எல்லாம் சொல்லிவிட்டார். சோலைமலை, "காலேஜ்ல. தத்துவம். கிரேக்கத் தத்துவம்" என்றார். "கிரேக்கம்னா துபாய்க்கு அந்தப் பக்கமா?" என்றார் பவுன்ராசு. "துபாய்க்கு முந்தி." "அங்க போயிருக்கீங்களா?" "இல்ல." "போகாமலேவா?" அங்கம்மாள் விசிறலை நிறுத்தாமல், "இவரு பழகுற ஆளுங்க எல்லாம் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுங்க. அதனாலதான் அவங்களோட மட்டும் சண்டை வராம ஓடுது" என்றாள். பவுன்ராசு சிரித்தார். சிரித்துவிட்டு, "ஐயோ, தண்ணி வருதே கண்ணுல, சிரிச்சா மருந்து போயிருமா சிஸ்டர்?" என்று கேட்டார். தூரத்தில் இருந்து, "பேசாம இருங்க" என்று பதில் வந்தது. சோலைமலைக்கும் சிரிப்பு வந்தது, வந்து, உதட்டிலேயே நின்றது. போகாமலேவா. போகாமல்தான். கப்பல் ஏறாமல், கடலைப் பார்க்காமல், திண்டுக்கல் மாட்டுச் சந்தையில் இருந்து நேராக அந்தத் துறைமுகத்துக்கு.

அப்பா மாட்டுத் தரகர். பதினாலு வயதில் இருந்து சோலைமலையும். துண்டை விரித்துக் கைமேல் போட்டு, துண்டுக்குள்ளே எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிற தொழில். வெளியே வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், உள்ளே விரல் விலை பேசும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் விரலைப் பிடித்தவன் தோற்றவன், அதுதான் அவர் அங்கே கற்ற பாடம், கற்றுக்கொள்ள நாலு வருஷமும் முதுகில் ரெண்டு தழும்பும் ஆனது. கத்தோலிக்கக் குருமடத்துக்காரர்களுக்குக் கறவை மாடு வேண்டும் என்று ஆள் வந்தபோது அவருக்கு இருபது வயது. நல்ல மாடாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு போனார். தரகு எவ்வளவு என்று சாமியார் கேட்டார். ஜன்னல் வழியாகப் புத்தக அலமாரி தெரிந்தது, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர் வரைக்கும். "தரகு வேண்டாம் சாமி, ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் உள்ள விடுங்க" என்றார். எத்தனை வாரம் என்று சாமியார் கேட்டார். மாடு கறக்கிற வரைக்கும் என்றார் சோலைமலை. அது பதினோரு வருஷம் கறந்தது. அந்த அலமாரியில் கிரேக்க இலக்கணம் ஒன்று இருந்தது. சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை, சாமியாருக்கு லத்தீன்தான் வரும். பல்லைப் பிடித்து வயது பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லின் வாயையும் திறந்து பார்த்துத்தான் கற்றார். தாளுக்குக் காசில்லாததால் கல்யாணப் பத்திரிகைகள். ஊரில் வருகிற பத்திரிகை எல்லாவற்றையும் வாங்கி, நாலாக வெட்டி, அச்சில்லாத பக்கத்தில் எழுதுவது. கிரேக்கத்தில் இருந்து வந்த வரி என்றால் நீல மை. தனக்குத் தோன்றினது என்றால் பச்சைப் பென்சில். அந்த ஒழுங்கில் அவருக்குக் கர்வம் இருந்தது. எவன் சரக்கு எது, என் சரக்கு எது என்று நிறமே சொல்லிவிடும். பின்பக்கத்தில் யாரோ கல்யாணம், மங்கலநாண், சுற்றமும் நட்பும். அதை யார் திருப்பிப் பார்த்தார்கள். மாட்டின் பின்பக்கத்தைச் சுற்றி வராமல் ஒரு நாளும் விலை பேசாதவர், அட்டையின் பின்பக்கத்தை நாற்பது வருஷம் பார்க்கவில்லை.

தொடையில் ஈ உட்கார்ந்தது. இல்லை, அங்கம்மாளின் முந்தானை. குளிர்சாதனம் ஓடுகிற இடத்தில் எதற்கு விசிறுகிறாள் என்று கேட்க வேண்டும். கேட்டால், உங்களுக்கு வேர்க்குது என்பாள். வேர்க்கிறதா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஈரம். அன்றைக்கும் வேர்வை. வைகாசி. செல்லத்தாயி கல்யாணம். செல்லத்தாயி அங்கம்மாளின் தங்கை, ஒரே தங்கை. பத்திரிகை வந்தது, மஞ்சள் தடவின முனையோடு. பிரித்துப் பார்த்தார். மாமா பெயர், சித்தப்பா பெயர், பெரியகுளத்தில் தாலுகா ஆபீஸ் வேலை பார்க்கிற ரெண்டாம் தாரத்து மச்சினன் பெயர்கூட இருந்தது. மூத்த மருமகன் பெயர் இல்லை. 'சோலைமலை, எம்.ஏ.' என்று இல்லை. தபாலில் படித்து, ராத்திரி பகல் பார்க்காமல் படித்து, மாட்டுக்காரன் மகன் வாங்கின எம்.ஏ., அப்போதுதான் கல்லூரியில் வேலையும் கிடைத்திருந்தது. அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்றார் மாமனார். விட்டுவிட்டானாம். இத்தனை பெயரில் அவன் கண்ணுக்கு அந்த ஒரு பெயர்தான் தப்பியதாம். அன்றைக்குப் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து நின்றது. என் பெயர் இல்லாத கல்யாணத்துக்கு என் வீட்டில் இருந்து ஒரு குஞ்சு போகக் கூடாது என்றார். பத்திரிகையை அவள் முன்னாலேயே கத்தரிக்கோலால் நாலாக வெட்டி அட்டைக் கட்டின் மேல் வைத்தார். அவள் ஒரு வாரம் பேசவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், நாலு மணி இருக்கும், கல்லூரியில் இருந்து வருகிறார், வாசல் கதவு ரெண்டும் விரியத் திறந்து கிடக்கிறது. "தெருவுல போற நாயெல்லாம் வரட்டும்னு தொறந்து போட்டிருக்கியா" என்று கத்தினார். அவள் கதவோரம் நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். குரலை உயர்த்தாமல், கோலம் போடுகிற மாதிரி நிதானமாக, "தொறந்து கெடக்குற கதவு உள்ள இருக்கவங்களுக்கும் வழிதானுங்களே" என்றாள்.

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்படி ஒரு வரி. யாராவது ஒரு ஆள் காற்றைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பத்துப் பக்கம் எழுதினாலும் வராத வரி என்று தோன்றியது. காற்றுக்காகச் சொல்கிறாள், வெளிச்சத்துக்காகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார், வைகாசிப் புழுக்கம், வேறென்ன. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து மேலே கிடந்த அட்டையை எடுத்தார். பச்சைப் பென்சிலைத் தேடினார். இல்லை. சட்டைப் பையில் நீல மைப் பேனா இருந்தது. சொல் ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று நீலத்திலேயே எழுதினார், எழுத்துத் தமிழில் கொஞ்சம் நீவிவிட்டு. எழுதி, ரசித்து, கட்டில் செருகினார். அவ்வளவுதான் நடந்தது. பன்னிரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் போகிறது அச்சுக்கு. அட்டைகளை வரிசைப்படுத்துகிறார். நீல மை, ஆகவே கிரேக்கம். கை தன்னுடையது. வரி அருமையான வரி. மூலையில் இடம் குறிக்கவில்லை. அச்சுக்கோப்பவர் வந்து நிற்கிறார், "பதினாலுக்கு மட்டும் இடம் இல்லீங்களே" என்கிறார். எழுதும்போது விட்டிருப்பேன் என்று, முன்னால் இருந்த பதின்மூன்றாம் அட்டையைப் பார்த்து, அதே உரைகாரர், அதே பகுதி, பத்தியை மட்டும் ஒன்று கூட்டி எழுதிக் கொடுத்தார். நிறத்தைப் பார்த்து நம்பினது பிழை, அதை விட்டுவிடலாம். பத்தி எண்ணைக் கூட்டிப் போட்டது பிழை இல்லை. அதற்கு வேறு பெயர்.

அந்த வரிதான் ஓடினது. கல்லிதேமஸின் மற்ற இருபத்து ரெண்டையும் ஒரு நாயும் சீந்தவில்லை. இது ஒன்று பள்ளிக்கூட ஆண்டு மலரில் வந்தது, புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் வந்தது. ஆரப்பாளையத்தில் ஷேர் ஆட்டோவின் முதுகில் பார்த்தார், கீழே கல்லிதமஸ் என்று கொம்பு விட்டுப்போய் எழுதியிருந்தது. பெருமையாக இருந்தது, பின்னாலேயே சின்னதாக ஒரு பொறாமையும். ஆறு வருஷத்துக்கு முன்னால் வீடு மாறினபோது அட்டைகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின் கைதவறி விழுந்தது. அட்டைகள் தரையெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. நாற்பது வருஷத்துக் கல்யாணங்கள், பச்சை அச்சு, சிவப்பு அச்சு. ஒன்றில் 'திருநிறைச்செல்வி செல்லத்தாயி' என்று இருந்தது. கால் பங்குப் பத்திரிகை. திருப்பினார். நீல மை. திறந்திருக்கும் கதவு. உட்கார்ந்துவிட்டார். வைகாசி மாதம் பத்திரிகை வந்த வாரம்; குருமடத்து நூலகம் அந்த மாதம் பூட்டியிருக்கும், சாமியார்கள் கொடைக்கானல் போய்விடுவார்கள். எந்தக் கிரேக்கன் அவருக்கு அந்த வாரத்தில் வந்து வரி கொடுத்தான். கதவோரம் நின்ற நல்ல சேலை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது, நிறம் மட்டும் வரவில்லை. அட்டையை எடுத்துத் தனியாக ஒரு உறையில் போட்டார். யாருக்கும் சொல்லவில்லை. யாருக்குச் சொல்வது. கல்லிதேமஸ் வழக்குப் போடப் போகிறானா.

மூன்றாவது சொட்டு. இந்த முறை எரியவில்லை, குளிர்ந்தது. மூடின இமைக்குள் சிவப்பாக ஏதோ பரவியது. கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில், இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆள் மூலத்தைப் பார்க்காமல் மேற்கோள் காட்டினான் என்று எழுந்து நின்று கிழித்தார். "மாட்டைப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்கிறவன்லாம் எங்க சந்தையில ஒரு நாள் நிக்க மாட்டான்" என்றார். அரங்கம் சிரித்தது. அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு அவன் பெயரை எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவில்லை. இன்றைக்கு ரெண்டு மணிக்கு ஒரு மேஜை இருக்கும், மூன்று பேர் இருப்பார்கள், டெல்லியில் இருந்து ஒருவர் வருகிறார் என்று எழுதியிருந்தாள், அவர் கிரேக்கம் தெரிந்தவர், கேட்பார், பதினான்காவது எங்கே இருக்கிறது அம்மா என்று. அந்தப் பெண்ணிடம் கண்ணாடி உண்டா என்று தெரியவில்லை. சரி, ஒரு பேரத்துக்கு வருவோம் என்றார் சோலைமலை, யாரிடம் என்று கேட்காமல். அடுத்த பதிப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, 'ஐயத்துக்குரியது' என்று அடிக்குறிப்பு. பதில் இல்லை. சரி, வரியையே எடுத்துவிடுகிறேன், சத்தமில்லாமல், இருபத்து ரெண்டாக. பதில் இல்லை. தேர்வு முடியட்டும், முடிந்த பிறகு அவளுக்கு மட்டும் தனியாக எழுதுகிறேன். துண்டுக்குள் எதிராளியின் கை இருந்தது, விரல் அசையவில்லை. அவனுக்கு எந்த அவசரமும் இல்லை என்று தெரிந்தது. இப்படிப்பட்ட ஆளிடம்தான் அப்பா எப்போதும் தோற்பார்.

"உங்க பேரு சொல்லுங்க ஐயா." வேறு ஒரு நர்ஸ், வயதான குரல். "சோலைமலை." "எந்தக் கண்ணு?" "வலது. காலையில ஒருத்தி கேட்டா, சொன்னேன். கீழே ஒருத்தன் கேட்டான், சொன்னேன். பைல்ல எழுதியிருக்குல்ல, எழுதினதை வாசிக்கத் தெரியாதா உங்களுக்கு?" குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பவுன்ராசு கால்களை உள்ளே இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. வலது புருவத்துக்கு மேலே ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, "வாசிக்கத் தெரியும் ஐயா. முன்னாடி இருக்கவங்க எழுதினதைப் பார்த்தே நானும் எழுதினேன்னு வைங்க, அவங்க தப்பா எழுதியிருந்தா உள்ள டாக்டர் நல்ல கண்ணைக் கீறிருவார். அதனால எத்தனை பேர் கேட்டாலும் ஆளைத்தான் கேக்கணும், பைலைக் கேக்கக் கூடாது" என்றாள். பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். பைலைக் கேட்கக் கூடாது. அந்தப் பெண்ணும் ஆளைத்தான் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால், குண்டு எழுத்தில், அருள்கூர்ந்து என்று போட்டு. நான் பைலாகவே உட்கார்ந்திருந்துவிட்டேன்.

"அங்கம்மா." "என்ன, பாத்ரூமா?" "இல்ல. போனை எடு. ஜெசிந்தான்னு பேர் இருக்கும், போடு." "கண்ணுல மருந்து ஊத்தியிருக்கு." "காதுல ஊத்தலையே. போடு." பை ஜிப் திறந்தது, அவள் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே போனாள், பிறகு சூடான கண்ணாடி காதில் வந்து ஒட்டியது. "ஐயா" என்றது ஜெசிந்தாவின் குரல், பின்னால் பஸ் ஹார்ன். "நானே கூப்பிடணும்னு இருந்தேன், இன்னைக்கு ஆபரேஷன்னு சொன்னாங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு..." "பதினாலாவது வாக்கியம் கல்லிதேமஸோடது இல்ல" என்றார் சோலைமலை. ஹார்ன் நின்றது. "வேற பதிப்புல..." "எந்தப் பதிப்புலயும் இல்லம்மா. கிரேக்கத்துலயே இல்ல." "நீங்க பத்தி எண்ணோட இடம் குறிச்சிருக்கீங்களே ஐயா." "பார்க்காம குறிச்சேன். முந்தின அட்டையைப் பார்த்து ஒண்ணு கூட்டிப் போட்டேன். ஆறு வருஷமா எனக்குத் தெரியும்." ஜெசிந்தா, "நான் மூணு வாரத்துக்கு முன்னாடி எழுதினேன் ஐயா" என்றாள். "தெரியும்." "மூணு வாரம் இருந்திருந்தா அத்தியாயத்தையே மாத்தியிருப்பேன்." "தெரியும்மா." அவள் திட்டியிருக்கலாம். திட்டினால் திருப்பித் திட்ட அவருக்கு வரும், அதற்கு அவர் தயாராகத்தான் இருந்தார். அவள் திட்டவில்லை. "ரெண்டு மணிக்கு அவங்க கேக்குறதுக்கு முந்தி நீங்களே சொல்லிருங்க" என்றார். "சோலைமலை இல்லாத இடத்தைக் குறிச்சிருக்கான், நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கல, அவனே போன்ல ஒத்துக்கிட்டான்னு சொல்லுங்க. முப்பது வருஷமா இந்தப் புத்தகத்தை வச்சுப் பாடம் எடுத்தவன் ஒருத்தனும் போய்த் தேடல. நீங்க தேடினீங்க. கட்டு அவுத்ததும் எழுத்துல தர்றேன், எந்தப் பத்திரிகையில வேணும்னாலும் போட்டுக்குங்க." "உங்க பேரு என்ன ஆகும் ஐயா?" "அது என் பாடு." ஹார்ன் மறுபடி. "அப்ப அந்த வரியைச் சொன்னது யாரு?" துண்டுக்குள் விரல் ஒன்று மெல்லப் பிடித்தது. முதலில் பிடித்தது தன்னுடைய விரல்தான் என்று சோலைமலைக்குத் தெரிந்தது. "என் வீட்டுக்காரி" என்றார். விசிறல் நின்றது. "நான் வைக்கிறேன் ஐயா" என்றாள் ஜெசிந்தா, "மூணு மணி நேரம் இருக்கு, ரெண்டு பக்கம் எழுதிச் சேர்க்கணும்." குரலில் அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

போன் பைக்குள் போனது. ஜிப் மூடியது. "அந்தப் பிள்ளை அழுதுச்சா?" என்றாள் அங்கம்மாள். "இல்ல. வேலையைப் பார்க்கப் போயிருச்சு." "கெட்டிக்காரி." விசிறல் மறுபடி தொடங்கியது, அவருக்கு நாலு, அவளுக்கு ஒன்று. அவர் காத்திருந்தார். "நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சுல்ல?" "காது நல்லாத்தான் இருக்கு. கண்ணைத்தான் அடுத்த வருஷம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க." "செல்லத்தாயி கல்யாணத்துக்கு முந்தின நாளு. நீ கதவைத் தொறந்து போட்டிருந்த. காத்துக்காக." "காத்துக்கு யாருங்க நல்ல சேலை கட்டுவா" என்றாள் அங்கம்மாள். "கதவுக்குப் பின்னாடி பை இருந்துச்சு. நாலரைக்கு நத்தம் பஸ்ஸு. கல்யாணத்தைப் பார்த்துட்டு அப்படியே அங்கேயே இருந்துடுறதுன்னு. திரும்பி வர்ற எண்ணம் இல்ல. உங்ககிட்ட சொல்லாம போகக் கூடாதுன்னு நின்னேன், சொல்லியும் சொன்னேன். நீங்க அடிக்க வருவீங்கன்னு பார்த்தேன். நீங்க உள்ள போய் உக்காந்து எழுத ஆரம்பிச்சிட்டீங்க." இவ்வளவையும் ரேஷன் கடையில் அரிசி நல்லா இருந்துச்சு என்கிற குரலில் சொன்னாள். சோலைமலைக்குக் கதவு தெரிந்தது, அதன் பின்பக்கம் தெரியவில்லை, அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. "அப்புறம் ஏன் போகல?" "என்னத்தை எழுதுறீங்கன்னு பார்க்கலாம்னு நின்னேன். எழுதி வச்சிட்டு வெளிய போனீங்க. எடுத்துப் பார்த்தா நான் சொன்னதுதான் இருந்துச்சு. நான் சொன்னதை ஒரு மனுஷன் உக்காந்து எழுதியிருக்கானேன்னு இருந்துச்சு. அதுக்குள்ள பஸ் போயிருச்சு."

"புத்தகம் வந்தப்ப பார்த்தியா?" "பார்த்தேன். கீழ வேற யாரு பேரோ போட்டிருந்துச்சு." முப்பத்தொரு வருஷம். ஆறு வருஷமாக இந்த ரகசியத்தைத் தனியாகச் சுமக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த ராத்திரிகளில் எல்லாம் இவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவைக் காட்டி, பாரு, பாரு, நம்ம கல்லிதேமஸ் என்று அவர் சொன்னபோது, பார்த்தேன் பார்த்தேன் என்று சொன்னாள். "ஏன்டி சொல்லல?" என்றார். அங்கம்மாள் யோசித்தாள். யோசிக்கும்போது விசிறுகிற கை தாழ்ந்துவிடும், காற்று முழங்காலில் பட்டது. "பேரு விட்டுப்போனதுக்கு நீங்க ஒரு தடவை சண்டை போட்டதைப் பார்த்தேன்" என்றாள். "பார்க்க நல்லா இல்ல."

"சோலைமலை ஐயா, எந்திரிங்க, கூப்பிட்டாச்சு." நர்ஸ் பெண் கண்ணைத் திறக்கச் சொன்னாள். திறந்தார். எல்லாம் வெளிச்சம். ஜன்னல் எது, சுவர் எது, ஆள் எது என்று இல்லாமல், பால் கொதித்து வழிகிற மாதிரி வெளிச்சம். அதற்கு நடுவில் பச்சையாக ஒன்று அசைந்து அவர் முழங்கையைப் பிடித்தது, சேலை. அன்றைக்கும் பச்சைதானோ, கேட்க வேண்டும், சாயங்காலம் கேட்க வேண்டும். எட்டு அடி எடுத்து வைத்தார்கள், ஒன்பது. கதவுக்குப் பக்கத்தில் மேஜைபோல ஏதோ, அதற்குப் பின்னால் அந்த வயதான நர்ஸின் குரல். "உங்க பேரு?" "சோலைமலை." "எந்தக் கண்ணு?" "வலது." கோபம் வரவில்லை. "கூட வந்திருக்கவங்க பேரு?" அங்கம்மாள் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் சோலைமலை, "அங்கம்மாள்" என்றார், வகுப்பில் சொல்கிற மாதிரி, எழுத்து எழுத்தாக. பேனா ஓடியது, நின்றது. "எழுதிட்டீங்களா?" என்றார். "எழுதிட்டேன் ஐயா, உள்ள போங்க." அவர் போகவில்லை. "எங்க, ஒரு தடவை வாசிங்க" என்றார்.